தகரம், திரி, தண்ணீர்... திருவிழாக் கடை ‘டப் டப்’ படகு எப்படி ஓடுது தெரியுமா?

பேட்டரி கிடையாது. சாவி கிடையாது. ரிமோட் கிடையாது. பிரித்துப் பார்த்தால் மோட்டார், பல்சக்கரம், விசிறி என்று எதுவும் இருக்காது. கொஞ்சம் தகரம், ரெண்டு சின்னக் குழாய், எண்ணெயில் நனைத்த ஒரு திரி. மொத்த சரக்கும் அவ்வளவுதான். ஆனால் திரியைப் பற்றவைத்துக் கொஞ்ச நேரம் பொறுத்தால், ‘டப்... டப்... டபடபடப...’ எனச் சத்தம் போட்டபடி தண்ணீரில் ஓட ஆரம்பித்துவிடும்.

கோயில் திருவிழாக்களில் நிச்சயம் பார்த்திருப்பீர்கள். பலூன், ஊதல், பிளாஸ்டிக் துப்பாக்கி எல்லாம் தொங்கும் கடையில், கீழே ஒரு அலுமினிய பேசின் நிறையத் தண்ணீர். அதில் ஒரு குட்டிப் படகு சுற்றிச் சுற்றி வந்துகொண்டே இருக்கும். கடைக்காரர் கூவி விற்க வேண்டிய அவசியமே இல்லை. சத்தமே கூட்டத்தைக் கூட்டிவிடும். தகரப் படகு, டப் டப் போட், ஸ்டீம் போட் என ஆளுக்கொரு பெயர் சொல்வார்கள்.

80-களிலும் 90-களிலும் வளர்ந்த பலர் இதற்காக அப்பாவின் சட்டையைப் பிடித்து இழுத்திருப்பார்கள். வாங்கி வந்த படகு ரெண்டு நாள் ஓடியிருக்கும். மூன்றாவது நாள் நின்றிருக்கும். அப்புறம் பரண். ஏன் ஓடியது என்றும் தெரியாது, ஏன் நின்றது என்றும் தெரியாது. அந்த ரெண்டு கேள்விக்கும் பதில் பார்ப்போம். கூடவே, நல்ல படகைப் பார்த்து வாங்குவது, வீட்டிலேயே ஒன்று செய்வது, பழையதைப் பத்திரமாகச் சேர்த்து வைப்பது... எல்லாம் இருக்கு, வாங்க!

அக்னித் தலத்தில் ஒரு தண்ணீர் பொம்மை

பஞ்சபூதத் தலங்களில் திருவண்ணாமலை நெருப்புக்கு உரியது. கார்த்திகை தீபத் திருவிழாவின் நிறைவில் 2,668 அடி உயர மலை உச்சியில் மகா தீபம் ஏறும். அது எல்லோருக்கும் தெரியும். அதற்குப் பிறகு நடப்பது வெளியூர்க்காரர்கள் பலருக்குத் தெரியாது. தீபம் முடிந்த கையோடு, அய்யங்குளத்தில் மூன்று நாள் தெப்பல் உற்சவம் நடக்கும். சந்திரசேகரர், பராசக்தி அம்மன், முருகர் என ஒவ்வொரு நாளும் ஒருவர் அலங்காரத் தெப்பலில் குளத்தை வலம் வருவார்கள். மலைமேல் நெருப்பு, கீழே தண்ணீரில் தெப்பல். அந்த வாரத்தில் இந்த ஊர் இப்படித்தான் இருக்கும்.

அதோடு முடியவில்லை. தை மாதம் 5-ம் தேதி ஆற்றுத் திருவிழா. அண்ணாமலையார் தென்பெண்ணை ஆற்றங்கரையில் இருக்கும் மணலூர்பேட்டைக்குத் தீர்த்தவாரிக்குப் போவார். மாதாமாதம் பௌர்ணமிக்கு 14 கிலோ மீட்டர் கிரிவலப் பாதை முழுக்க ஜனக்கூட்டம். இத்தனை கூட்டம் சேரும் ஊரில் பொம்மைக் கடைக்குப் பஞ்சம் இருக்குமா? தகரப் படகைத் தேடுபவர்களுக்குத் திருவண்ணாமலையின் திருவிழா காலண்டரே போதும், எப்போது கிளம்ப வேண்டும் என்று சொல்லிவிடும்.

யோசித்துப் பார்த்தால், இந்த ஊருக்கு இதைவிடப் பொருத்தமான பொம்மை இல்லை. அகல் விளக்கின் அளவே இருக்கும் ஒரு சுடர், ஒரு படகையே ஓட்டுகிறது.

உள்ளே என்னதான் நடக்குது?

படகின் வயிற்றில் சப்பையான ஒரு சின்னப் பெட்டி இருக்கும். அதுதான் பாய்லர். அதன் மேல்பக்கத்தை மிக மெல்லிய தகடு ஒன்று மூடியிருக்கும். பாய்லரிலிருந்து கிளம்பும் ரெண்டு குழாய்களும் படகின் பின்பக்கத்தில், தண்ணீருக்குள் திறந்திருக்கும். முதலில் ஒரு குழாய் வழியாகத் தண்ணீர் ஊற்றி, இன்னொரு குழாய் வழியாக அது வெளியே வரும்வரை பாய்லரை நிரப்ப வேண்டும். ரெண்டு குழாய் இருப்பதன் முக்கியமான வசதியே இதுதான். ஒன்றில் தண்ணீர் போக, மற்றொன்றில் காற்று வெளியேறும். பிறகு பாய்லருக்கு அடியில் திரியைப் பற்றவைக்க வேண்டும்.

இனி நடப்பதை நிதானமாகப் பார்க்கலாம்.

சூடேறியதும் பாய்லரில் இருக்கும் தண்ணீரில் கொஞ்சம் ஆவியாகும். சாதாரணக் காற்றழுத்தத்தில் தண்ணீர் ஆவியாக மாறினால் அதற்கு 1,600 மடங்குக்கும் மேல் இடம் தேவைப்படும். அந்த ஆவி எங்கே போகும்? குழாயில் நிற்கும் தண்ணீரைப் பின்பக்கமாகப் பிடித்துத் தள்ளும். தண்ணீர் பின்னால் பீய்ச்சி அடிக்க, படகு முன்னால் நகரும்.

வேகமெடுத்த தண்ணீர் சட்டென்று நிற்காது. பஸ் பிரேக் போட்ட பிறகும் நாம் முன்னால் சாய்கிறோம் இல்லையா, அதே கதைதான். தண்ணீர் தன் வேகத்தில் கொஞ்சம் கூடுதலாகவே வெளியே போய்விடும். அதே நேரத்தில், குழாயின் குளிர்ந்த பகுதியைத் தொட்ட ஆவி மறுபடி நீராகிவிடும். இப்போது பாய்லருக்குள் அழுத்தம் வெளியே இருப்பதைவிடக் குறைந்துவிடும். உடனே வெளிக்காற்றின் அழுத்தம் தண்ணீரைக் குழாய்க்குள் திருப்பித் தள்ளும். உள்ளே வந்த தண்ணீர் சூடான பகுதியைத் தொடும். மறுபடி ஆவி. மறுபடி தள்ளல். ஊஞ்சலுக்கு ஒவ்வொரு முறையும் சரியான நேரத்தில் ஒரு தள்ளு கொடுப்பது போல, ஒரு விநாடிக்குள் பலமுறை இது நடக்கும்.

அந்த ‘டப் டப்’ சத்தம்? பாய்லரை மூடியிருக்கும் மெல்லிய தகடு, அழுத்தம் கூடும்போது மேலே உப்பும், குறையும்போது கீழே அமுங்கும். ஜாம் பாட்டில் மூடியின் நடுவில் அழுத்தினால் ‘டக்’ என்று ஒரு சத்தம் வருமே, அதேதான். படகு அதை வேகவேகமாகச் செய்கிறது. மொத்த இன்ஜினிலும் அசையும் பாகம் என்றால் அந்தத் தகடு ஒன்றுதான். அது இல்லாமலும் படகு ஓடும், சத்தம்தான் வராது.

தண்ணீர் உள்ளே வரும்போது படகு பின்னால் போகாதா?

சரியான கேள்வி! வெளியே போன அளவு தண்ணீர் திரும்ப உள்ளே வருகிறது. அப்படியென்றால் படகு முன்னால் ஒரு அடி, பின்னால் ஒரு அடி என நின்ற இடத்திலேயே ஆட வேண்டும். ஏன் முன்னால் மட்டும் போகிறது?

வீட்டிலேயே ஒரு சோதனை செய்து பாருங்கள். ஒரு மெழுகுவத்தியை ஏற்றி ஒரு அடி தள்ளி வையுங்கள். ஊதுங்கள், அணைந்துவிடும். மறுபடி ஏற்றி, அதே தூரத்திலிருந்து காற்றை உறிஞ்சி அணைக்கப் பாருங்கள். சுடர் லேசாகக்கூட அசையாது. காரணம், ஊதும்போது காற்று ஒரே கோடாக, ஒரே திசையில் பாய்கிறது. உறிஞ்சும்போது முன்னால், பக்கவாட்டில், மேலே, கீழே என எல்லாத் திசையிலிருந்தும் வாய்க்கு வருகிறது.

படகின் குழாயிலும் இதுதான் நடக்கிறது. வெளியேறும் தண்ணீர் பின்பக்கமாக ஒரே தாரையாகப் பாய்ந்து படகுக்கு உந்துதல் தருகிறது. உள்ளே வரும் தண்ணீர் சுற்றுவட்டாரம் முழுவதிலிருந்தும் சேர்ந்து வருகிறது. போதாததற்கு, உள்ளே வந்த தண்ணீர் பாய்லர் பக்கம் வந்து நிற்கும்போது, தான் கொண்டுவந்த வேகத்தைப் படகிடமே கொடுத்துவிடுகிறது. கூட்டிக் கழித்துப் பார்த்தால், லாபம் முழுக்க முன்பக்கத்துக்குத்தான்.

விளையாட்டுச் சாமான் தானே என்று நினைக்க வேண்டாம். 1963-ல் ‘அமெரிக்கன் ஜர்னல் ஆஃப் ஃபிசிக்ஸ்’ ஆய்விதழில் இந்தப் படகின் இயற்பியல் பற்றி ஃபின்னி, கர்ல் என்ற இருவர் கட்டுரையே எழுதியிருக்கிறார்கள். நோபல் பரிசு பெற்ற ரிச்சர்ட் ஃபைன்மன் மாணவராக இருந்தபோது, தண்ணீரைத் தெளிக்காமல் உறிஞ்சும் ஸ்பிரிங்க்ளர் எந்தப் பக்கம் சுற்றும் என்று மண்டையைக் குழப்பிக்கொண்டு, பரிசோதனையில் ஒரு பெரிய கண்ணாடிக் குடுவையை வெடிக்கவிட்ட கதை பிரபலம். அவரைக் குழப்பியதும் இதே உறிஞ்சும் சமாசாரம்தான். அதே புதிர் உங்கள் ஊர் திருவிழாவில் பேசினுக்குள் சுற்றிக்கொண்டிருக்கிறது.

130 வருஷத்துக்கும் மேலான பொம்மை

இந்தப் படகைக் கண்டுபிடித்தவர் என்று பொதுவாகச் சொல்லப்படுபவர் தாமஸ் பியோ என்ற பிரெஞ்சுக்காரர். 1891-ல் இங்கிலாந்தில் இதற்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார். சின்ன பாய்லர், ரெண்டு குழாய் என்ற அடிப்படை அப்போதே வந்துவிட்டது. 1915-ல் சார்லஸ் மெக்ஹியூ என்ற அமெரிக்கர், அந்த மெல்லிய தகடு வைத்த இன்ஜினுக்குக் காப்புரிமை விண்ணப்பம் கொடுத்தார். 1920-ல் வில்லியம் பர்செல் என்பவர் பாய்லரே வேண்டாம், ஒரு குழாயைச் சுருளாகச் சுற்றினால் போதும் என்று இன்னொரு வடிவத்தைக் கொண்டுவந்தார். இன்றைக்கு வீட்டில் செய்து பார்ப்பவர்களுக்குக் கைகொடுப்பது இந்தச் சுருள்தான்.

உலகம் முழுக்க இதற்குச் சத்தத்தை வைத்துத்தான் பெயர். ஆங்கிலத்தில் ‘பாப் பாப் போட்’. ஜப்பானில் ‘பொன் பொன்’ படகு. ஜெர்மனியில் ‘க்னாட்டர்போட்’. நமக்கு ‘டப் டப்’. மியாசாகியின் ‘போன்யோ’ அனிமேஷன் படம் பார்த்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும். 2008-ல் வந்த அந்தப் படத்தில், சிறுவன் சோசுகேயின் பொம்மைப் படகு பெரிதாகி, வெள்ளத்தில் அவர்களைச் சுமந்துகொண்டு போகும். மெழுகுவத்தியில் ஓடும் அந்தப் படகு நம்ம ‘டப் டப்’ படகேதான்.

அங்கே பிளாஸ்டிக் கிட், இங்கே தகரப் படகு

மேற்கத்திய நாடுகளில் பழைய பொம்மைப் படகு சேர்ப்பவர்கள் என்றால், பெரும்பாலும் பிளாஸ்டிக் கிட் ஆட்கள். 1950-களில் ஏர்ஃபிக்ஸ், ரெவெல், லிண்ட்பெர்க், அரோரா போன்ற நிறுவனங்கள் கப்பல், விமானம், ஸ்பீடு போட் என எல்லாவற்றையும் பாகம் பாகமாக பிளாஸ்டிக்கில் வார்த்து டப்பாவில் போட்டு விற்றன. வாங்கியவர் பாகங்களை வெட்டி எடுத்து, பசை வைத்து ஒட்டி, பெயின்ட் அடித்து முடிக்க வேண்டும். இன்று அந்தப் பழைய ஸ்பீடு போட் கிட்கள், டப்பா பிரிக்காமல் கிடைத்தால், சேகரிப்பாளர்களுக்குப் புதையல். டப்பா மேல் இருக்கும் ஓவியத்துக்காகவே வாங்குபவர்கள் உண்டு.

நம் ஊரில் அந்தப் பொழுதுபோக்கு எப்போதுமே பர்ஸைப் பதம் பார்க்கும் ரகம். வெளிநாட்டுப் பொம்மைகளுக்கான சுங்க வரி 2020-ல் 20 சதவிகிதத்திலிருந்து 60 சதவிகிதமாகவும், 2023-ல் 70 சதவிகிதமாகவும் உயர்ந்தது. கூடவே கப்பல் கட்டணம். சென்னையில் உட்கார்ந்துகொண்டு ஒரு பழைய கிட் வரவழைப்பதற்குள் ஆசையே அடங்கிவிடும்.

தகரப் படகு அப்படி இல்லை. நடந்து போய் வாங்கலாம். ஒரு பிரியாணி விலைக்குள் முடிந்துவிடும். பிளாஸ்டிக் ஸ்பீடு போட் அலமாரியில் அழகாக நிற்கும். இதுவோ சொந்த நெருப்பில் ஓடும். வேகம் என்னவோ ஆமை வேகம்தான்!

கடையில் என்ன பார்த்து வாங்கணும்?

முதல் விதி, ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். பேசினில் ஓடும் படகைக் காட்டிவிட்டு, பையிலிருந்து வேறு ஒன்றை எடுத்துக் கொடுப்பார்கள். தப்பில்லை, ஆனால் கையில் வாங்கிய படகையும் ஒருமுறை சோதித்துவிடுங்கள்.

* கசிவு: ஒரு குழாயை விரலால் மூடிக்கொண்டு, படகைத் தண்ணீருக்குள் அமிழ்த்தி, இன்னொரு குழாயில் ஒரு ஸ்ட்ரா பொருத்தி மெதுவாக ஊதுங்கள். பற்றவைத்த இடங்களில் குமிழி வந்தால் அந்தப் படகு வேண்டாம்.
* மேல் தகடு: பாய்லரின் மேல் தகடு நசுங்காமல், விரலால் லேசாகத் தொட்டால் அசைந்து கொடுக்க வேண்டும். நசுங்கியிருந்தால் சத்தம் வராது.
* குழாய்: ரெண்டும் நேராக, அடைப்பு இல்லாமல், படகு மிதக்கும்போது தண்ணீருக்குள் முழுகியிருக்க வேண்டும்.
* விளிம்பு: தகர ஓரங்கள் மடித்திருக்கிறதா என்று பாருங்கள். மடிக்காத ஓரம் கையைக் கிழிக்கும்.
* திரித் தட்டு: எண்ணெயும் திரியும் வைக்கும் குட்டித் தகரக் கரண்டி கூடவே வருகிறதா என்று கேட்டு வாங்குங்கள். வீட்டுக்கு வந்த பிறகு அது இல்லையென்றால் கஷ்டம்.

ஓட்டும்போது... ஏன் மூன்றாவது நாள் நிற்குது?

உங்கள் சின்ன வயசுப் படகு செத்துப்போனதற்குக் காரணம், பெரும்பாலும் தண்ணீர் இல்லாமல் காய்ந்ததுதான்.

பாய்லருக்குள் தண்ணீர் இருக்கும்வரை அதன் சூடு 100 டிகிரி செல்சியஸை ஒட்டியே நிற்கும். தண்ணீர் தீர்ந்துவிட்டால், அல்லது படகைத் தண்ணீரிலிருந்து தூக்கிய பிறகும் திரி எரிந்துகொண்டிருந்தால், சூடு சரசரவென ஏறும். தகரத்தைப் பற்றவைக்கப் பயன்படும் வெள்ளீயமும் காரீயமும் கலந்த பற்றாசு, 183 டிகிரியிலேயே உருக ஆரம்பித்துவிடும். ஒருமுறை இணைப்பு விட்டுவிட்டால் காற்று கசியும். காற்று கசிந்தால் அழுத்தம் தங்காது. அழுத்தம் இல்லையென்றால் படகு வெறும் தகரம்தான்.

அதனால் வரிசையை மாற்றாதீர்கள். முதலில் குழாயில் தண்ணீர் நிரப்புங்கள். விரலால் குழாய்களை மூடியபடி படகைத் தண்ணீரில் விடுங்கள். அப்புறம்தான் எரியும் திரியை உள்ளே வைக்க வேண்டும். நிறுத்தும்போது முதலில் திரியை வெளியே எடுங்கள், அப்புறம் படகை எடுங்கள்.

பற்றவைத்தும் கிளம்பவில்லையா? பாய்லரில் காற்று அதிகம் தங்கியிருக்கலாம், மறுபடி நிரப்புங்கள். சுடர் பாய்லரைத் தொடவில்லையென்றால் திரியைக் கொஞ்சம் தூண்டிவிடுங்கள். பாய்லரின் அடியில் கரி திட்டாகப் படிந்திருந்தால் துணியால் துடைத்துவிடுங்கள், கரி சூட்டை உள்ளே விடாது. உப்புத் தண்ணீர் வரும் வீடுகளில் குழாய்க்குள் உப்பு படிந்து அடைத்துக்கொள்ளும். பிடித்து வைத்த மழைத் தண்ணீர் கிடைத்தால் விசேஷம்.

இடம்? வீட்டு அண்டா, அகலமான பேசின், குழந்தையின் குளியல் டப் இவையே தாராளம். கோயில் குளத்திலோ கிணற்றடியிலோ ஏரிக்கரையிலோ விட்டுப் பார்க்கிறேன் என்று குழந்தைகளைக் கூட்டிப் போக வேண்டாம்.

நீங்களே செய்யலாம்!

பர்செலின் சுருள் குழாய் முறைக்குப் பற்றாசு வேலை தேவையில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் போதும்.

தேவை: 3 அல்லது 4 மில்லி மீட்டர் தடிமனுள்ள மெல்லிய செம்புக் குழாய், சுமார் ஒரு அடி நீளம். ஃப்ரிட்ஜ், ஏ.சி. ரிப்பேர் சாமான் விற்கும் கடைகளில் கேட்டுப் பாருங்கள். தட்டையான, மூடி இல்லாத ஒரு தகர டப்பா. கேக்கில் வைக்கும் சின்ன மெழுகுவத்தி அல்லது எண்ணெய்த் திரி.

1. குழாயைச் சும்மா வளைத்தால் நடுவில் மடிந்து அடைத்துக்கொள்ளும். அதனால் உள்ளே பொடி உப்பை இறுக்கமாக நிரப்பி, ரெண்டு முனையையும் டேப்பால் மூடுங்கள்.
2. நடுப்பகுதியை ஒரு தடித்த மார்க்கர் பேனா மேல் ரெண்டு சுற்றுச் சுற்றுங்கள். ரெண்டு முனைகளும் ஒரே பக்கமாக, இணையாக நீளட்டும்.
3. டேப்பைப் பிரித்து, தண்ணீர் விட்டு உப்பை முழுவதுமாகக் கரைத்து வெளியேற்றுங்கள். ஒரு முனையில் ஊதினால் மறுமுனையில் காற்று தாராளமாக வர வேண்டும்.
4. டப்பாவின் பின்விளிம்பு மேல் குழாய்களைச் சாய்த்து வையுங்கள். முனைகள் தண்ணீருக்குள் பின்னோக்கி இருக்க வேண்டும். சுருள், திரியின் சுடருக்கு நேர்மேலே வர வேண்டும். கம்பியால் கட்டி ஆடாமல் செய்யுங்கள்.
5. குழாய் முழுக்கத் தண்ணீர் நிரப்பி, மிதக்கவிட்டு, பற்றவையுங்கள்.

இதில் மேல் தகடு இல்லாததால் ‘டப் டப்’ சத்தம் எதிர்பார்க்க வேண்டாம். மெல்லிய துடிப்போடு ஓடும். படகு ஒரு பக்கமாகவே சுற்றினால், குழாய் முனைகள் கோணலாக இருக்கிறது என்று அர்த்தம்.

குழந்தைகள் செய்வதாக இருந்தால் பக்கத்தில் பெரியவர் ஒருவர் கட்டாயம் இருக்க வேண்டும். தகரம் வெட்டும், சுருள் சுடும். அணைத்த பிறகும் சில நிமிடங்களுக்குக் குழாயைத் தொடக் கூடாது.

சேர்த்து வைக்கிறவங்களுக்கு...

பாட்டி வீட்டுப் பரணில் பழைய படகு கிடைத்ததா? அவசரப்பட்டுத் தேய்த்துக் கழுவி, புது பெயின்ட் அடித்துவிடாதீர்கள். பழைய தகரப் பொம்மையின் மதிப்பே அதன் மேல் அச்சிட்டிருக்கும் படமும் நிறமும்தான். உலர்ந்த மெல்லிய துணியால் துடைத்தால் போதும். துரு பிடித்த இடத்தில் மட்டும் ஒரு துளி தையல் மெஷின் எண்ணெய் தொட்டு வையுங்கள். மிகப் பழைய படகை ஓட்டிப் பார்க்கவே வேண்டாம், அதற்கென்று புதுசு ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள்.

ஓட்டும் படகாக இருந்தால், ஒவ்வொரு முறையும் குழாயில் ஊதித் தண்ணீரை முழுவதும் வெளியேற்றி, நிழலில் காயவைத்து எடுத்து வையுங்கள். புது ஷூ டப்பாவில் வரும் சிலிகா ஜெல் பொட்டலத்தைத் தூக்கிப் போடாமல், படகு இருக்கும் டப்பாவில் போட்டால் ஈரம் சேராது.

இன்னொரு முக்கியமான வேலை, ஒரு சின்ன அட்டை எழுதிக் கட்டுங்கள். எந்த ஊர், எந்தத் திருவிழா, எந்த வருஷம், என்ன விலை, கடைக்காரர் எங்கிருந்து வாங்கி வந்ததாகச் சொன்னார். வெளிநாட்டு பிளாஸ்டிக் கிட் சேர்ப்பவர்களுக்கு நிறுவனத்தின் பெயர், வருஷம், கிட் நம்பர் எல்லாம் டப்பாவிலேயே இருக்கும். நம்ம தகரப் படகில் செய்தவரின் பெயரைப் பார்ப்பதே அபூர்வம். அதன் வரலாற்றை நீங்கள் எழுதி வைத்தால்தான் உண்டு.

அது இருக்கட்டும், இந்தப் படகு இன்னும் எத்தனை நாளைக்கு?

2021 ஜனவரி 1 முதல், இந்தியாவில் 14 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கான பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். பிளாஸ்டிக்கில் இருக்கும் நச்சு, கூர்மையான விளிம்பு, சட்டென்று தீப்பிடிக்கும் பொருள் போன்றவற்றிலிருந்து குழந்தைகளைக் காப்பாற்ற வந்த நல்ல விதி இது. மத்திய அரசின் கைவினைப் பொருள் ஆணையர் அலுவலகத்தில் பதிவு செய்த கைவினைஞர்கள் தாங்களே செய்து விற்கும் பொம்மைகளுக்கும், புவிசார் குறியீடு பெற்ற பொம்மைகளுக்கும் இதிலிருந்து விலக்கு உண்டு. தஞ்சாவூர் தலையாட்டி பொம்மை போன்றவற்றுக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது. ஊர் பெயரும் இல்லாமல், செய்தவர் பெயரும் இல்லாமல் மூட்டையில் வந்து இறங்கும் தகரப் படகுக்கு அந்த மாதிரி எந்த அடையாளமும் இல்லை.

நியாயமாகப் பார்த்தால், இதைச் சின்னக் குழந்தை கையில் கொடுத்துவிட்டு நகர்ந்துவிடும் பொம்மையாக நினைக்கவே கூடாது. நெருப்பு இருக்கிறது, தகரம் இருக்கிறது, பற்றாசில் காரீயம் இருக்கலாம். குழாயில் வாய் வைத்துத் தண்ணீர் உறிஞ்சுவதையும் நேரடியாக ஊதுவதையும் தவிர்த்து, ஸ்ட்ரா அல்லது சொட்டு மருந்து ஃபில்லர் பயன்படுத்துங்கள். விளையாடி முடித்ததும் கை கழுவச் சொல்லுங்கள். பெரியவர் ஓட்ட, குழந்தை பக்கத்தில் உட்கார்ந்து கேள்வி கேட்கும் பொம்மையாக வைத்துக்கொண்டால் எல்லோருக்கும் நல்லது.

அந்தக் கேள்விகள்தான் இதன் உண்மையான மதிப்பு. ரிமோட் கார் நின்றுவிட்டால் குழந்தையால் செய்ய முடிந்தது ஒன்றுதான், பேட்டரி மாற்றுவது. உள்ளே இருக்கும் சிப் என்ன செய்கிறது என்று அப்பாவாலும் சொல்ல முடியாது, அம்மாவாலும் சொல்ல முடியாது. தகரப் படகு நின்றால் குழாயில் அடைப்பா, திரி சின்னதா, காற்று கசிகிறதா என்று ஏழாம் வகுப்புப் பிள்ளையே வரிசையாகச் சோதித்துக் கண்டுபிடித்துவிடும். ஆவி, அழுத்தம், உந்துதல் என்று பாடப்புத்தகத்தில் மூன்று தனித்தனிப் பாடமாக வருவது, இங்கே ஒரே பேசினுக்குள் சத்தம் போட்டுக்கொண்டு சுற்றுகிறது. முழுசாகப் புரிந்துகொள்ளக்கூடிய இயந்திரங்கள் நம் வீட்டில் இனிமேல் ரொம்ப மிச்சமில்லை.

அடுத்த கார்த்திகைக்கு அண்ணாமலையார் தெப்பல் பார்க்கப் போனாலும் சரி, உங்கள் ஊர் மாரியம்மன் கோயில் தேருக்குப் போனாலும் சரி, கடை வீதியில் காதைக் கொஞ்சம் தீட்டிக்கொள்ளுங்கள். ‘டப் டப்’ கேட்டால் நில்லுங்கள். ரெண்டு வாங்குங்கள். ஒன்று ஓட்ட, ஒன்று அட்டை எழுதிக் கட்டி எடுத்து வைக்க. அப்படியே கடைக்காரரிடம், ‘இது எங்கண்ணே செய்யறாங்க?’ என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வாருங்கள்.